போர்ட் கேம்பிள்: 142 வருடம் ஓடிய மர மில்லும் அது கட்டிய ஊரும்

மழைக்காலன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் மக்களே. சியாட்டிலுக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. போன சனிக்கிழமைதான் முதல் தடவையாக போர்ட் கேம்பிள் பக்கம் போனேன். எட்மண்ட்ஸில் படகு ஏறி கிங்ஸ்டனில் இறங்கி, 104ஆம் நெடுஞ்சாலையில் கொஞ்ச தூரம் போனால் கிட்சாப் தீபகற்பத்தின் வட முனையில் இந்த ஊர். கிங்ஸ்டனிலிருந்து ஹூட் கனால் மிதவைப் பாலத்துக்குப் போகிறவர்கள் இதன் வழியாகத்தான் போவார்கள், ஆனால் நிறுத்திப் பார்ப்பவர்கள் குறைவு.

வெள்ளை மர வேலி, கூர்மாடி வீடுகள், ஊசிக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். மேற்குக் கடற்கரைக்குச் சம்பந்தமே இல்லாத முகம். விசாரித்தால் காரணம் இருக்கிறது. ஊரைக் கட்டியவர்கள் நாட்டின் மறுகோடியான மேய்ன் மாநிலத்தின் ஈஸ்ட் மக்காயஸ் ஊர்க்காரர்கள். அந்தத் தேவாலயமே அவர்கள் ஊர்த் தேவாலயத்தைப் பார்த்துக் கட்டியதுதான்.

கதை 1849இல் தொடங்குகிறது. கலிஃபோர்னியாவில் தங்கம் என்று கேள்விப்பட்டு ஆண்ட்ரூ போப், ஃபிரெடெரிக் டால்பட் இருவரும் சான் பிரான்சிஸ்கோ வந்தார்கள். தங்கம் தோண்டவில்லை, வியாபாரத்தில் இறங்கினார்கள். அந்த ஊரோ முழுக்க மரமும் துணியும். 1849க்கும் 1851க்கும் இடையில் திரும்பத் திரும்பப் பற்றி எரிந்தது. எரிந்ததைக் கட்ட மரம் வேண்டும். கிழக்குக் கரையிலிருந்து தென்னமெரிக்கா முனையைச் சுற்றி மரம் கொண்டுவர மாதக்கணக்கில் ஆகும். அப்போதுதான் வடக்கே பியூஜெட் சவுண்ட் என்ற கடற்கழியில் தண்ணீர் ஓரம் வரை இறங்கி நிற்கும் டக்ளஸ் ஃபர் என்ற ஊசியிலை மரக் காடு இவர்கள் கண்ணில் பட்டது.

1852இல் ஃபிரெடெரிக்கின் சகோதரர் வில்லியம் டால்பட், போப், கேப்டன் ஜொசையா கெல்லர், சார்ல்ஸ் ஃபாஸ்டர் சேர்ந்து பியூஜெட் மில் கம்பெனி ஆரம்பித்தார்கள். 1853 கோடையில் வில்லியம் டால்பட் வந்து இந்த ஊரை ஒட்டிய விரிகுடாவைத் தேர்ந்தெடுத்தார். கெல்லர் குடும்பத்தோடும் மில் இயந்திரங்களோடும் எல்.பி. ஃபாஸ்டர் என்ற கப்பலில் ஐந்து மாதம் பயணம் செய்து செப்டம்பரில் வந்து சேர்ந்தார். அன்றைக்கு ஆரம்பித்த மில் 1995 நவம்பர் 30 வரை ஓடியது. அமெரிக்காவில் ஒரே இடத்தில் இடைவிடாமல் இவ்வளவு காலம் ஓடிய மர மில் வேறு இல்லை என்கிறார்கள். 1966லேயே ஊரை தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்துவிட்டார்கள்.

எனக்கு ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு கம்பெனி தன் தொழிலாளிகளுக்கு இவ்வளவு அழகாக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறதே என்று. உங்களில் யாராவது போயிருக்கிறீர்களா?

அரைடிக்கெட்

போயிருக்கிறேன். ஊரில் வாக்கர்-ஏம்ஸ் வீடு என்று ஒன்று இருக்குமே, மில் மேலாளருக்குக் கட்டியது. அதில் பேய் இருக்கிறது என்று டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். 142 வருடம் மரம் அறுத்தவன் கடைசியில் பேயை வைத்துப் பிழைக்க வேண்டியதாகிவிட்டது.

தேக்குக்கட்டை

மழைக்காலன் தம்பி, நல்ல இழை. நான் நாற்பது வருடம் மரவாடி நடத்தியவன், அதனால் மில்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் அங்கே ஓடியது வட்ட ரம்பம் இல்லை. மியூலி ரம்பம் என்பார்கள். நேராக நிற்கும் ஒரு நீளப் பட்டை, நீராவி இயந்திரத்தால் மேலும் கீழும் ஏறி இறங்கும். நம்மூரில் பள்ளத்தில் ஒருவர் மேலே ஒருவர் நின்று இழுத்த வாளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலையை இயந்திரம் செய்கிறது, அவ்வளவுதான். வட்ட ரம்பம் வந்தபோது வேகம் பல மடங்கு கூடியது, ஆனால் ஒவ்வொரு அறுப்பிலும் கால் அங்குலத்துக்கு மேல் தூளாகப் போனது. நாலு பலகை அறுத்தால் ஒரு பலகை தூள். வளையமாகச் சுழலும் மெல்லிய பட்டை ரம்பம் வந்த பிறகுதான் அந்த நஷ்டம் குறைந்தது. அப்போது அதைப் பற்றிக் கவலைப்பட்டவர் யாரும் இல்லை. காடு தீராது என்று நினைத்தார்கள். தூளும் சிம்பும் அப்படியே கொதிகலனுக்குப் போனதால், விறகுச் செலவும் இல்லை.

அளவில் குழம்பாதீர்கள். நாம் கன அடியில் பேசுகிறோம், அவர்கள் போர்டு அடியில். ஓர் அடி நீளம், ஓர் அடி அகலம், ஓர் அங்குலக் கனம் என்றால் ஒரு போர்டு அடி. பன்னிரண்டு சேர்ந்தால் நம் ஒரு கன அடி. எங்காவது "லட்சம் அடி அறுத்தார்கள்" என்று படித்தால் உடனே பன்னிரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. டக்ளஸ் ஃபர் மரத்தின் அடிப்பகுதி உப்பியிருக்கும், பிசினும் அதிகம். அதனால் தரையோடு வெட்ட மாட்டார்கள். ஆள் உயரத்துக்கு மேல் மரத்தில் பொந்து வெட்டி, பலகை சொருகி, அதன்மேல் ஏறி நின்றுதான் கோடாரி போடுவார்கள். அந்தப் பக்கத்துக் காடுகளில் பழைய அடிக்கட்டைகளைப் பார்த்தால் கண் போல இரண்டு பொந்து இருக்கும். தம்பி, அடுத்த தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

விழுந்த தடியை இழுக்கக் காளைகள். தரையில் குறுக்கே கட்டைகளைப் பதித்து, அதன்மேல் நாய்ச்சுறா எண்ணெய் பூசி, வழுக்கிக்கொண்டே கடலுக்கு. 1881இல் டால்பியர் என்பவர் கலிஃபோர்னியாவில் டாங்கி எஞ்சின் என்ற நீராவி இழுவையைச் செய்த பிறகு காளைகளுக்கு ஓய்வு கிடைத்தது. கடலில் தடிகளை வளைத்துக் கட்டி மிதக்கவிட்டு மில்லுக்கு இழுத்து வருவார்கள். ரொம்ப நாள் உப்புத் தண்ணீரில் கிடந்தால் கப்பல் புழு துளைத்துவிடும், அதனால் அவசரம்தான்.

மழைக்காலன்

அண்ணே, அந்தப் பொந்துகளை ஒரு நடைபாதையில் பார்த்திருக்கிறேன்! ஏதோ மரங்கொத்தி வேலை என்று நினைத்தேன்.

வரைபடம்

ஒரு கேள்வியை யாரும் கேட்கவில்லை. அந்த மரம் யாருடையது?

1850களில் அந்த நிலம் இன்னும் அளக்கப்படாத அரசு நிலம். மரம் வெட்டும் கம்பெனி நேராக வாங்குவதற்குச் சட்டத்தில் வழியே இல்லை. சட்டம் விவசாயியை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதனால் பியூஜெட் சவுண்ட் மில்கள் சும்மா வெட்டின. மாட்டினால் அபராதம் கட்டிவிட்டு மறுபடியும் வெட்டின.

அப்புறம் 1861. சியாட்டிலில் பல்கலைக்கழகம் கட்டப் பணம் வேண்டும். அதற்காக மத்திய அரசு ஒதுக்கிய நிலத்தை ஏக்கர் ஒன்றரை டாலருக்கு விற்றார்கள். விற்றவர் டேனியல் பேக்லி என்ற பாதிரியார். வரிசையில் முன்னால் நின்ற பெரிய வாங்குநர்களில் பியூஜெட் மில் ஒன்று. இன்றைய வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் முதல் கட்டிடம் அந்தப் பணத்தில் எழுந்தது.

1878இல் மரம் மற்றும் கல் சட்டம் வந்தது. ஒரு ஆளுக்கு 160 ஏக்கர், ஏக்கர் இரண்டரை டாலர், சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று சத்தியம் செய்ய வேண்டும். நடந்தது என்ன? துறைமுகத்தில் இறங்கிய மாலுமிகளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்து வாங்கி, அடுத்த நிமிடம் கம்பெனி பெயருக்கு மாற்றிக்கொண்டார்கள். பினாமி என்ற சொல் நம்மிடம் இருக்கிறது, அவர்களிடம் ஆள் இருந்தது.

மழைக்காலன், நீங்கள் சியாட்டிலில் இருந்தால் வாஷிங்டன் பூங்கா தாவரத் தோட்டத்துக்குப் போயிருப்பீர்கள். அதில் ஒரு பகுதி இந்தக் கம்பெனி நிலம்தான். 1900இல் நகராட்சிக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு நகராட்சி அவர்களுடைய பக்கத்து நிலத்துக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது. அந்தப் பக்கத்து நிலம் பிறகு பிராட்மூர் என்ற வேலி போட்ட பணக்காரக் குடியிருப்பாயிற்று. மரம் தீர்ந்த இடத்தில் மனை. மரத்தை விட மனையில்தான் லாபம் என்பது இவர்களுக்குச் சீக்கிரமே புரிந்துவிட்டது.

நெறியாளர்

இழை "ஊர்களும் வரலாறும்" பகுதிக்கு மாற்றப்பட்டுள்ளது. நல்ல உரையாடல், தொடருங்கள்.

லயத்துப்பிள்ளை

மழைக்காலன் சார், "இவ்வளவு அழகாக வீடு கட்டிக் கொடுத்திருக்கிறதே" என்றீர்கள். மன்னிக்கவும், அந்த வரியில்தான் எனக்கு இடறுகிறது.

நான் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். வீடு கம்பெனியுடையது, கடை கம்பெனியுடையது, ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. அப்பா ஓய்வு பெற்ற மாதம் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். முப்பத்திரண்டு வருடம் இருந்த வீடு. சுவரில் அம்மா அடித்த ஆணி கூட அவர்களுடையதாகிவிட்டது. எஸ்டேட் பெயர் வேண்டாம்.

போர்ட் கேம்பிளிலும் அடிப்படை அதேதான். வேலை இருக்கும் வரை வீடு. குடும்பஸ்தர்களுக்குத் தனி வீடு, தனி ஆட்களுக்குக் கூட்டுக் கொட்டகை. மேலாளர் வீடு மட்டும் எங்கே இருக்கிறது பாருங்கள், கடலையும் மில்லையும் ஒருசேரப் பார்க்கும் இடத்தில். எங்கள் எஸ்டேட்டில் துரை பங்களா மேட்டில் இருந்தது. மேலே இருப்பவருக்கு எல்லாம் தெரிய வேண்டும் என்பது எல்லா நாட்டிலும் ஒரே வாஸ்து போல.

மழைக்காலன்

ஒப்புக்கொள்கிறேன் அக்கா. ஆனால் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அந்தக் காலத்தில் அங்கே வேறு ஊரே இல்லை. ஆள் வர வேண்டுமானால் வீடு கட்டித்தான் ஆக வேண்டும். மேய்னிலிருந்து ஆட்களை அழைத்து வந்தார்கள், அவர்களுக்குத் தங்கள் ஊர் மாதிரி இருந்தால்தான் மனசு ஒட்டும். சைரஸ் வாக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1853இல் மேய்னிலிருந்து சாதாரண ஆளாக வந்தவர். 1862இல் கெல்லர் இறந்த பிறகு மில்லுக்கே தலைவர், 1885இல் வில்லியம் டால்பட் மகள் எமிலியைக் கட்டிக்கொண்டார். உழைத்தவன் மேலே வர வழி இருந்ததே.

லயத்துப்பிள்ளை

ஒரு வாக்கர். மற்ற எல்லோரும் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் படுத்தவர்கள். எட்டு மணி நேர வேலை அந்தப் பகுதி மில்களுக்கு வந்ததே 1918 மார்ச்சில். அதுவும் 1917இல் காடுகளிலும் மில்களிலும் பெரிய வேலைநிறுத்தம் நடந்து, போர் விமானத்துக்கு மரம் கிடைக்காமல் ராணுவமே தலையிட்ட பிறகு. மகளைக் கொடுத்தது ஒருவருக்கு, நேரத்தைக் கொடுக்க எல்லோரும் சண்டை போட வேண்டியிருந்தது.

அரைடிக்கெட்

மழைக்காலன், மாமனார் கம்பெனி என்பதும் ஒரு தகுதிதான், விடுங்கள்.

கரையோரம்

எல்லோரும் விரிகுடாவின் ஒரு கரையைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிர்க்கரையில் ஒரு ஊர் இருக்கிறது. பெயர் லிட்டில் பாஸ்டன். மழைக்காலன் மில் இருந்த மேட்டில் நின்று படம் எடுத்திருந்தால் அதுவும் படத்தில் விழுந்திருக்கும்.

1853இல் கப்பல் வந்தபோது அந்த இடம் காலியாக இல்லை. ஸ்க்ளாலம் என்ற பூர்வகுடி மக்களின் குடியிருப்பு இருந்தது. மில் கட்ட அந்த இடம் வேண்டும், எதிரே உள்ள பாயின்ட் ஜூலியா மணல் திட்டுக்குப் போங்கள், வீட்டுக்குப் பலகை தருகிறோம், விறகு தருகிறோம், மில்லில் வேலையும் உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள் என்பது அந்த மக்கள் தலைமுறையாகச் சொல்லி வரும் கதை. போனார்கள். ஆண்கள் தினமும் துடுப்புப் படகில் இக்கரைக்கு வந்து மில்லில் வேலை பார்த்தார்கள். ஒன்றிரண்டு வருடம் இல்லை, தலைமுறை தலைமுறையாக.

அந்தப் பெயரைப் பாருங்கள். அந்தக் கரையோரத்தில் எல்லா இனத்தாரும் பேசிய சினூக் கலப்பு மொழியில் "பாஸ்டன்" என்றாலே அமெரிக்கன். ஆங்கிலேயன் என்றால் "கிங் ஜார்ஜ்". அமெரிக்கன் கொடுத்த பலகையில் கட்டிய ஊர் சின்ன பாஸ்டன் ஆகிவிட்டது.

1855 ஜனவரியில் பாயின்ட் நோ பாயின்ட் ஒப்பந்தம். ஸ்க்ளாலம், ஸ்கோகோமிஷ், சிமகம் மக்கள் பெரும் நிலப்பரப்பைக் கொடுத்துவிட்டு தெற்கே ஸ்கோகோமிஷ் ஒதுக்கிடத்துக்கு, அதாவது பூர்வகுடிகளுக்கு என்று அரசு ஒதுக்கிய நிலத்துக்கு, போக வேண்டும். விலை 60,000 டாலர், அதுவும் இருபது வருடத் தவணையில். ஸ்க்ளாலம் மக்களில் பலர் போகவில்லை. மில் இங்கே, கடல் இங்கே, மூதாதையர் இங்கே. சட்டப்படி அவர்களுக்குச் சொந்தமில்லாத மணல் திட்டில் எண்பது வருடத்துக்கு மேல் குடியிருந்தார்கள். 1930களின் கடைசியில்தான் அரசு கம்பெனியிடமிருந்து நிலத்தை வாங்கி, 1938இல் ஒதுக்கிடமாக அறிவித்தது. அடுத்த வருடமே சுகாதாரம் இல்லை என்று சொல்லித் திட்டில் இருந்த பழைய வீடுகளைக் கொளுத்தினார்கள். மேட்டில் புது வீடுகள்.

லயத்துப்பிள்ளை அக்கா சொன்ன ஆணிக் கதை ஞாபகம் வந்தது. மில் தொழிலாளிக்கு வீடு மட்டும்தான் கம்பெனியுடையது. இவர்களுக்குக் காலடி மண்ணே கம்பெனியுடையது, அதுவும் தங்கள் மண்.

தேக்குக்கட்டை

கரையோரம், இது எனக்குப் புதிது. நன்றி. பலகைக்கு ஊரை விற்ற கணக்கு. எந்த மரவாடியிலும் இப்படி ஒரு வியாபாரம் நான் கேட்டதில்லை.

கரையோரம்

விற்கவில்லை அண்ணே. அந்த வார்த்தையில்தான் சண்டையே.

வரைபடம்

அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கிறது. வழக்கமான இடங்களில் மற்ற குடிமக்களோடு சேர்ந்து மீன் பிடிக்கும் உரிமை அந்த மக்களுக்கு உண்டு என்று. நூறு வருடம் அதை யாரும் மதிக்கவில்லை. 1974இல் நீதிபதி போல்ட் அந்த மாதிரி ஒப்பந்தங்களைப் படித்துவிட்டு, பிடிக்கக்கூடிய மீனில் பாதி ஒப்பந்த இனங்களுக்கு என்று தீர்ப்பு சொன்னார். 1855இல் எழுதியவர் சும்மா ஒப்புக்குப் போட்ட வரியாக இருக்கலாம். ஆனால் எழுதியது எழுதியதுதானே.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விரிகுடா சுத்தம் செய்யப்பட்ட கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. மில் மூடும்போது கடலடியில் மரத்தூளும் சிம்பும் படிந்து கிடந்தன. துறை மேடைகளைத் தாங்கிய ஆயிரக்கணக்கான கம்பங்கள் கிரியோசோட் தாரில் ஊறியவை. ஹெர்ரிங் மீன் முட்டையிடும் விரிகுடா அது, சிப்பியும் எடுப்பார்கள். எதிர்க்கரை மக்கள் விடாமல் கேட்டார்கள். 2015இல் ஆரம்பித்து 2017 வரை கம்பங்களைப் பிடுங்கி, கடலடிச் சேற்றை வாரினார்கள். வெறும் அழகான பழைய ஊராக இருந்திருந்தால் அந்த வேலை நடந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

மழைக்காலன்

நான் எழுதிய முதல் பதிவை இப்போது படித்தால் சுற்றுலாத் துண்டறிக்கை மாதிரி இருக்கிறது. அழிக்க மாட்டேன், இருக்கட்டும்.

நான் எடுத்த படங்களைத் திறந்து பார்த்தேன். தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் எதிர்க்கரையில் மணல் திட்டு தெளிவாகத் தெரிகிறது. எடுக்கும்போது "பின்னணி நல்லா இருக்கு" என்றுதான் நினைத்தேன்.

கல்லறையில் ஒரு கல்லும் பார்த்தேன். குஸ்டாவ் எங்கல்பிரெக்ட், கடற்படை வீரர், 1856 நவம்பர். அது என்ன சண்டை?

கரையோரம்

அது வேறு கணக்கு. வடக்கே இன்றைய அலாஸ்கா பக்கத்திலிருந்து பெரிய படகுகளில் ஒரு கூட்டம் வந்து விரிகுடாவில் தங்கியது. மாசசூசெட்ஸ் என்ற போர்க்கப்பல் வந்து, போகச் சொல்லி, அவர்கள் மறுத்ததும் பீரங்கியால் சுட்டது. அவர்களில் 27 பேர் செத்தார்கள். கப்பல் பக்கம் செத்தவர் எங்கல்பிரெக்ட் ஒருவர். பசிபிக்கில் சண்டையில் இறந்த முதல் அமெரிக்கக் கடற்படை வீரர் என்று அவருக்குக் கல் வைத்திருக்கிறார்கள். 27 பேருக்குக் கல் கிடையாது. மறு வருடம் பழிவாங்க வந்தவர்கள், இந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத ஐசக் ஈபி என்பவரை விட்பி தீவில் கொன்றார்கள்.

அரைடிக்கெட்

அப்போ பேய் வீட்டில் இல்லை, விரிகுடாவில்தான் இருக்கிறது.

சரி, சீரியஸாக ஒரு கேள்வி. இதே மாதிரி எத்தனையோ மில் ஊர்கள் இருந்திருக்குமே. இது மட்டும் எப்படித் தப்பியது?

தேக்குக்கட்டை

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பக்கத்திலேயே போர்ட் லட்லோ இருக்கிறது. 1878இல் இதே கம்பெனி வாங்கிய மில். 1935இல் மூடியதும் ஊர் கலைந்தது. சில வீடுகளைத் தட்டைப்படகில் ஏற்றி போர்ட் கேம்பிளுக்கே கொண்டுவந்து வைத்தார்கள். மர வீட்டின் வசதி அது, பிடுங்கி நடலாம்.

போர்ட் கேம்பிளும் ஒரு தடவை கை மாறியது. 1925இல் மெக்கார்மிக் கம்பெனிக்கு விற்றார்கள், பொருளாதார மந்தம் வந்தது, பணம் வரவில்லை, 1938இல் பழைய குடும்பங்களிடமே திரும்பியது. மில் ஓடிக்கொண்டே இருந்ததால் ஊரும் நின்றது. பிறகு வரலாற்றுச் சின்னம் என்று ஆனதும், இடிப்பதை விட வைத்திருப்பதில் லாபம்.

வரைபடம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. எல்லாம் ஒரே பெயரில் இருந்ததும் காரணம். வீடுகளைத் தனித்தனியாக விற்றிருந்தால் பத்து வருடத்தில் ஆளுக்கொரு பக்கம் இடித்துக் கட்டியிருப்பார்கள். லயத்துப்பிள்ளை எதைக் குறை என்று சொன்னாரோ, அதுதான் ஊரைக் காப்பாற்றியது. எனக்கே இது பிடிக்கவில்லை, ஆனால் உண்மை.

லயத்துப்பிள்ளை

ஊர் என்றால் வீடு என்று வைத்துக்கொண்டால் காப்பாற்றியதுதான். 1995இல் வேலை போனவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டால் அந்த வெள்ளை வேலி பதில் சொல்லாது.

மழைக்காலன்

இன்னொரு வேடிக்கை. நிலத்தையும் ஊரையும் 1985இல் போப் ரிசோர்சஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். மரம் அறுத்த தாய்க் கம்பெனி போப் அண்ட் டால்பட் 2007இல் திவாலாகி மறைந்தது. நிலம் வைத்திருந்த கம்பெனி நன்றாக வாழ்ந்து 2020இல் ரேயோனியர் என்ற காட்டு நிலக் கம்பெனியோடு சேர்ந்தது. வரைபடம் சொன்ன மனைக் கணக்கு சரிதான்.

நேற்று திரும்பவும் போனேன், இந்தத் தடவை எதிர்க்கரைக்கு. பாயின்ட் ஜூலியாவில் படகுத் துறை இருக்கிறது, சில பேர் வலை சரிசெய்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் மில் இருந்த இடம் வெறும் தரை. அதற்கு மேலே மேட்டில் வெள்ளையாக ஒரு கோடு, அதுதான் ஊர்.

அரைடிக்கெட்

அந்த வெள்ளைக் கோட்டில் ஒரு வீடு விலைக்குக் கிடைக்குமா? பேய் இருந்தாலும் பரவாயில்லை.

மழைக்காலன்

கடையில் கேட்டேன். பழைய வீடுகள் இன்னும் வாடகைக்கு மட்டும்தானாம்.